2017 கிளாசிக் 350 வாங்கப் போகிறேன்: டயரில் என்ன பார்க்க வேண்டும்?

வைகைக்கரை (மதுரை):

வணக்கம் நண்பர்களே. பழைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறேன். 2017 நவம்பர் பதிவு, ஒரே உரிமையாளர், மீட்டரில் 14,200 கி.மீ. ஒரு லட்சத்து ஐந்தாயிரம் கேட்கிறார். தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்து இன்ஜின் சத்தம், எண்ணெய்க் கசிவு, கிளட்ச், செயின் எல்லாம் பார்த்துவிட்டு "எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். டயரை மட்டும் காலால் ஒரு தட்டு தட்டினார், அவ்வளவுதான்.

பின் டயரில் வரிப்பள்ளம் நன்றாகவே இருக்கிறது. முன் டயர் ஓரளவு தேய்ந்திருக்கிறது. இரண்டும் கறுகறுவென்று மின்னுகின்றன. டயருக்கு இன்னும் இரண்டு வருடத்துக்குக் கவலையில்லை என்கிறார் விற்பவர். இதற்கு மேல் டயரில் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

சங்கிலிச்சத்தம் (கோவை):

மின்னுகிறது என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டயர் சாம்பல் படிந்த கறுப்பாகத்தான் இருக்கும். விற்பதற்கு முன் பாலிஷ் பூசியிருக்கிறார்கள். அது குற்றமில்லை, வீட்டை விற்பவர் வெள்ளையடிக்கத்தான் செய்வார். ஆனால் அந்தப் பூச்சு மெல்லிய வெடிப்புகளை மறைத்துவிடும். ஒரு ஈரத்துணியும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் கொண்டுபோய்த் துடைத்துவிட்டுப் பாருங்கள். துடைக்க வேண்டாம் என்று விற்பவர் தடுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

பிறகு டயரின் வயதைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் எழுத்தும் எண்ணுமாக ஏராளமாக அச்சிட்டிருப்பார்கள். அவற்றில் தனியாக ஒரு சிறு கட்டத்துக்குள்ளோ, டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசியிலோ நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 3117 என்றால் 2017-ஆம் வருடத்தின் 31-ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் தொடக்கம். முதல் இரண்டு இலக்கங்கள் 53-ஐத் தாண்டினால் நீங்கள் பார்ப்பது தேதி அல்ல, வேறு ஏதோ எண். 2000-க்கு முன்பு மூன்றே இலக்கங்கள்தான். அப்படி மூன்று இலக்கம் கண்ணில் பட்டால் டயரை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம்.

எண் சரியாகத் தெரியாவிட்டால் சாக்பீஸை அதன்மேல் படுக்கவைத்துத் தேயுங்கள். புடைத்த எழுத்து மட்டும் வெள்ளையாகத் தெரியும்.

கணக்குப்பிள்ளை (சென்னை):

இந்த ஆராய்ச்சி எல்லாம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. இந்த வண்டிக்கு இரண்டு டயரும் ட்யூபும் சேர்த்து மாற்ற ஆறாயிரம், ஏழாயிரம் ரூபாய் ஆகும். வண்டியே ஒரு லட்சம். வாங்கிய மறுநாள் மாற்றிவிட்டுப் போக வேண்டியதுதானே? இன்ஜினும் சேசிஸும் ஆர்.சி.யும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். டயரும் பேட்டரியும் தேயும் பொருட்கள்.

சட்டமும் வயதைக் கேட்கவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94-ஆம் விதி, இருசக்கர வாகனத்துக்கு வரிப்பள்ளம் 0.8 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது. மற்ற பெரும்பாலான வண்டிகளுக்கு 1.6 மி.மீ. டயர் நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது, ஆனால் வயதுக்கு எல்லை வைக்கவில்லை.

ஈரச்சாலை (நாகர்கோவில்):

கணக்குப்பிள்ளை ஐயா, 0.8 மி.மீ. என்பது சாலையில் ஓட்ட அனுமதிக்கும் கடைசி எல்லை. அதுவரை பாதுகாப்பு என்று பொருள் கிடையாது. எங்கள் ஊரில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. முதல் தூறலில் தார்ச்சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும்போது, ஆழத்தைவிட ரப்பரின் மென்மைதான் நம்மைக் காப்பாற்றுகிறது. வயதான ரப்பர் இறுகிவிடும். பள்ளம் முழுதாக இருந்தாலும் பிரேக் பிடித்தால் பிடிமானம் இருக்காது. மஞ்சள் கோட்டின் மேலோ பாலத்தின் இரும்பு இணைப்பின் மேலோ போகும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வரிப்பள்ளத்தின் நடுவில் இருக்கும் ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பரில் நகம் பதிந்து, பிறகு மெல்ல மறையும். இறுகியதில் நகம் பதியவே பதியாது. இது அறிவியல் கருவி அல்ல, ஆனால் பக்கத்தில் புதிய வண்டி ஒன்று நின்றால் இரண்டையும் அழுத்திப் பார்த்தாலே போதும்.

"மறுநாள் மாற்றிவிடலாம்" என்பவர்கள் பெரும்பாலும் அடுத்த தீபாவளிக்குத்தான் மாற்றுகிறார்கள்.

பஞ்சர்கடை (திண்டுக்கல்):

கடையில் தினமும் இதைத்தான் பார்க்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஓடாத வண்டியின் டயர் நன்றாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். ரப்பர் கெடாமல் இருக்க அதற்குள் ஒருவகை மெழுகு கலந்திருப்பார்கள். டயர் உருண்டு நெளியும்போது அது மெல்ல மேலே வந்து ஒரு படலமாகப் படியும். காற்றில் இருக்கும் ஓசோன் ரப்பரைத் தாக்காமல் அந்தப் படலம் தடுக்கும். வண்டி நின்றுகொண்டே இருந்தால் படலம் புதுப்பிக்கப்படுவதில்லை. வெயில் படும் இடத்தில் நிறுத்தியிருந்தால் கேட்கவே வேண்டாம். பணக்கட்டில் போட்டு மறந்த ரப்பர் பேண்டை இழுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

வெடிப்பிலும் தரம் உண்டு. பக்கவாட்டில் மயிரிழை போலத் தெரிவது வயதின் அடையாளம். அதற்காக அன்றே கழற்ற வேண்டியதில்லை, கண்காணிக்கலாம். வரிப்பள்ளத்தின் அடியில் வெடிப்பு ஓடினால் நான் மாற்றச் சொல்வேன். ரிம்மை ஒட்டிய விளிம்பில் சுற்றிலும் வெடிப்பு இருந்தாலும் அப்படித்தான். வெடிப்புக்குள் நைலான் நூல் தெரிந்தால் பேச்சே இல்லை. இருவரை வண்டியில் உட்காரச் சொல்லிவிட்டு, தரையோடு அழுந்தும் இடத்தைக் குனிந்து பாருங்கள். மூடியிருந்த வெடிப்புகள் அங்கே வாயைத் திறக்கும்.

பக்கவாட்டில் கையை வைத்து ஒரு சுற்று தடவுங்கள். எங்காவது கொப்புளம் போலப் புடைத்திருந்தால், குழியில் அடிபட்டு உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அதை ஒட்டிச் சரிசெய்ய முடியாது.

வெட்டிய டயரும் சந்தையில் உண்டு. மொட்டையான டயரில் சூடான கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டித் தருவார்கள். பார்வைக்கு ஆழமாகத் தெரியும், ஆனால் அடியில் இருக்க வேண்டிய ரப்பர் போயிருக்கும். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பக்கவாட்டின் மேல்விளிம்பில் சிறு முக்கோணமோ தேய்மானக் குறியான டி.டபிள்யூ.ஐ. (TWI) என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேராக வரிப்பள்ளத்துக்குள் ஒரு சிறு மேடு குறுக்கே இருக்க வேண்டும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் ஆயுள் முடிந்தது. வெட்டிய டயரில் கத்தி அந்த மேட்டையும் சேர்த்து அறுத்திருக்கும். முக்கோணம் இருக்கிறது, மேடு இல்லை என்றால் வண்டியை விட்டு இறங்கிவிடுங்கள்.

வைகைக்கரை (மதுரை):

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை மறுபடியும் போய்ப் பார்த்தேன். துடைத்ததும் பாதிப் பளபளப்பு போய்விட்டது. முன் டயரில் 3117. பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு, வரிப்பள்ளத்தின் அடியிலும் இரண்டு மூன்று இடங்களில் கோடு. மேட்டுக்கும் மேற்பரப்புக்கும் இடையே மிகக் கொஞ்சம்தான் மிச்சம். பின் டயரில் எண்ணே கிடைக்கவில்லை, அழித்திருப்பார்களோ?

சங்கிலிச்சத்தம் (கோவை):

அழிக்க மாட்டார்கள். தேதி பெரும்பாலும் ஒரு பக்கம்தான் அச்சாகும். உங்கள் வண்டியில் ஒரு பக்கம் செயின், மறுபக்கம் சைலன்சர், இரண்டும் மறைக்கும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே இரண்டு பக்கமும் கைப்பேசி விளக்கை அடித்துப் பாருங்கள். நியூட்ரலில் இருக்கட்டும், இன்ஜின் ஓடக் கூடாது. விரல் செயினுக்குள் போனால் டயரின் வயது தெரிந்து பயனில்லை.

முன் டயர் 3117, பதிவு நவம்பர் 2017. டயர் தயாராகி, தொழிற்சாலைக்குப் போய், வண்டியில் ஏறி, ஷோரூமுக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆவது இயல்பு. ஆக அது வண்டியோடு பிறந்த டயர். வண்டி தயாரான மாதமும் ஆர்.சி.யில் இருக்கும், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

யாழ்_ஓட்டி (யாழ்ப்பாணம்):

எங்கள் பக்க அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இங்கே பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை தாறுமாறாக ஏறியது. 2022-இல் பெற்றோல் இல்லாமல் பல வண்டிகள் மாதக்கணக்கில் முற்றத்தில் நின்றன. அப்படி நின்ற வண்டி ஒன்றை என் மைத்துனர் வாங்கினார். கிலோமீற்றர் மிகக் குறைவு, ரயரில் பூ (நீங்கள் சொல்லும் வரி) முழுதாக இருந்தது. ஓடினால் குறிப்பிட்ட வேகத்தில் தடதடவென்று ஒரு அதிர்வு. காற்றுக் குறைந்து ஒரே இடத்தில் நின்றதில் ரயரின் ஒரு பகுதி தட்டையாகிவிட்டது. சில்லை உயர்த்திச் சுழற்றியபோதுதான் கண்ணுக்குப் பட்டது. வாங்க முன்னர் சில்லைச் சுழற்றிப் பாருங்கள், ஓட்டியும் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை (சென்னை):

யாழ் நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இதுவும் டயரை மாற்றினால் தீர்ந்துவிடும் பிரச்சினைதானே? என் கேள்வி அப்படியே இருக்கிறது. இதில் எது வண்டியை வாங்காதே என்று சொல்கிறது?

வைகைக்கரை (மதுரை):

கிடைத்துவிட்டது! செயின் பக்கம்தான் இருந்தது. பின் டயரில் 1222. அப்படியென்றால் 2022 மார்ச் இறுதி. விற்பவர் "பஞ்சர் அடிக்கடி ஆனதால் மாற்றினேன்" என்கிறார். மூன்று வருடம்தானே ஆகிறது, நல்லதுதானே?

இரண்டாம்கை (ஈரோடு):

இந்த இழையைப் படித்துக்கொண்டே இருந்தேன். பழைய வண்டி வாங்கி விற்பதுதான் என் தொழில். கணக்குப்பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் 1222-இல் இருக்கிறது.

நான் ஒரு வண்டியை வாங்கும்போது மீட்டரைப் பார்ப்பதற்கு முன் டயர்த் தேதியைத்தான் பார்ப்பேன். வாயால் சொல்வது மாறும், மீட்டர் மாறும், டயரில் அச்சிட்ட வாரம் மாறாது. கிளாசிக் 350-இல் கம்பெனியோடு வந்த பின் டயர், ஓட்டும் விதத்தையும் சுமையையும் பொறுத்து, இருபதாயிரம் கி.மீ.க்கு மேல் சாதாரணமாக வரும். உங்கள் மீட்டரில் இப்போதே 14,200 தான். ஆனால் 2022-லேயே, அல்லது அதற்குச் சற்றுப் பின்னால், முதல் டயர் போயிருக்கிறது. பஞ்சர் காரணமாக இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்போது முன் டயர் இவ்வளவு தேய்ந்திருக்காது. பதினாலாயிரத்தில் முன் டயர் மேட்டோடு ஒட்டுகிறது என்றால் எனக்கு உறுத்தும்.

கால் வைக்கும் ரப்பர், கியர் லீவர் ரப்பர், பிரேக் பெடலின் வரிகள், ஹேண்டில் பிடி, இவை எந்த அளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். ஒவ்வொரு பில்லிலும் கி.மீ. எழுதியிருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன், உங்கள் வண்டிக்குப் பொருந்தாவிட்டாலும் மற்றவர்களுக்குப் பயன்படும். சாதாரணமாகப் பின் டயர்தான் முதலில் போகும். பின் டயர் பழையது, முன் டயர் மட்டும் புதியது என்றால், முன்பக்கம் அடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃபோர்க், மட்கார்டு, ஹெட்லைட் வளையம் எல்லாம் ஒரே வயதாகத் தெரிகின்றனவா? டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும், மேடும் பள்ளமுமாகக் குதறியிருந்தாலும், குற்றம் டயரில் இருக்காது. ஃபோர்க், பேரிங் அல்லது சக்கரம் நேர்கோட்டில் இல்லாதது என்று தேடுங்கள். அதை டயர் மாற்றித் தீர்க்க முடியாது, ஐயா.

கணக்குப்பிள்ளை (சென்னை):

இப்போது புரிகிறது. நான் டயரின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், நீங்கள் டயரைச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். ஆனாலும் ஒரு சாட்சியை வைத்துத் தண்டனை கொடுக்க வேண்டாம். பில்லைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

வைகைக்கரை (மதுரை):

பில் கிடைத்தது. கதை சுவாரசியமானது.

2019 கடைசியில் எடுத்த சர்வீஸ் பில்லில் 13,800 கி.மீ. அதற்குப் பிந்தைய பில்கள் எல்லாம் உள்ளூர்ப் பட்டறையில் எழுதியவை. ஆயில் மாற்றியது, பிரேக் ஷூ மாற்றியது, செயின் செட் மாற்றியது எல்லாம் இருக்கின்றன. கி.மீ. எழுதும் இடம் மட்டும் எல்லாவற்றிலும் காலி. நேராகக் கேட்டேன். மீட்டர் கேபிள் ஊரடங்குக்கு முன்பே அறுந்துவிட்டதாம், "வண்டி ஓடுகிறதே" என்று விட்டுவிட்டாராம், விற்பதற்கு முன்புதான் புதிய கேபிள் போட்டாராம். கால் ரப்பரைப் பார்த்தேன், வரியே இல்லை.

மனிதர் ஏமாற்றுபவராகத் தெரியவில்லை. கேட்டதும் சொல்லிவிட்டார். கேட்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டார், அதுவும் உண்மை. இப்போது என்ன செய்வது?

சங்கிலிச்சத்தம் (கோவை):

அந்த மாடலில் முன்சக்கரத்திலிருந்து வரும் கேபிள்தான் மீட்டரை ஓட்டுகிறது. அறுந்தால் வேகமுள்ளும் நிற்கும், கி.மீ. எண்ணும் நிற்கும். அவர் சொல்வதை நம்பலாம்.

முதல் இரண்டு வருடத்தில் 13,800 ஓடியிருக்கிறது. அதன்பின் ஐந்து வருடம். ஊரடங்கைக் கழித்தாலும் மொத்தம் முப்பத்தைந்தாயிரத்துக்குக் குறையாது என்று வைத்துப் பேசுங்கள். அந்த இன்ஜினுக்கு இது அதிகம் இல்லை. ஆனால் பதினாலாயிரம் ஓடிய வண்டிக்கும் முப்பத்தைந்தாயிரம் ஓடிய வண்டிக்கும் ஒரே விலை கிடையாது. முன் டயர், ட்யூப் செலவையும் தனியாகக் கழியுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்து "டயர் சரியில்லை, ஐந்தாயிரம் குறையுங்கள்" என்று கேட்டுவிடாதீர்கள், அவர் சந்தோஷமாகக் குறைப்பார்.

இரண்டாம்கை (ஈரோடு):

நான் வாங்குவதாக இருந்தால் எண்பத்தைந்தில் தொடங்குவேன். 90-க்கு மேல் போக மாட்டேன். இதற்கு மேல் சொன்னால் என் பிழைப்பு போய்விடும்.

ஈரச்சாலை (நாகர்கோவில்):

வாங்கினால் அந்த முன் டயரில் ஊருக்கு ஓட்டிக்கொண்டு வராதீர்கள். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே கிடையாது. பிரிட்டனில் 2021 பிப்ரவரி முதல் லாரி, பஸ் ஆகியவற்றின் முன் அச்சில் பத்து வயது தாண்டிய டயரைத் தடைசெய்துவிட்டார்கள். முன் அச்சைத்தான் குறிவைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். மிஷலின் நிறுவனம் ஐந்து வருடம் ஆனதும் வருடத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டச் சொல்கிறது, பத்து வருடமானால் பார்க்க எப்படி இருந்தாலும் மாற்றச் சொல்கிறது. உங்களுடையது எட்டு வயது, வரிப்பள்ளத்தின் அடியில் வெடிப்பும் உண்டு. பத்து வரை காத்திருக்க வேண்டாம்.

வைகைக்கரை (மதுரை):

88,000-க்கு முடிந்தது. பெயர் மாற்றத்துக்கான படிவங்களில் கையெழுத்தும் வாங்கியாயிற்று. வண்டி இன்னும் அவர் வீட்டில்தான் நிற்கிறது, முன்சக்கரத்தை மட்டும் கழற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். கடையில் என்ன கேட்டு வாங்க வேண்டும்? பின் டயரை அப்படியே விட்டுவிடலாமா?

பஞ்சர்கடை (திண்டுக்கல்):

பின் டயர் 2022, வெடிப்பில்லை, பாதிக்கு மேல் ஆழம் இருக்கிறது என்றால் ஓட்டலாம். காற்றை மட்டும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

முன்பக்கத்துக்கு 90/90-19 கேளுங்கள். பெரிதாகப் போட்டால் அழகாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அளவை அடுத்து வரும் எண்ணும் எழுத்தும், அதாவது சுமை எண்ணும் வேகக் குறியும், பழைய டயரில் இருப்பதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். கடைக்காரர் எடுத்துப் போட்டதும் தேதியைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு உட்பட்டது கிடைத்தால் நல்லது. இருட்டான கிடங்கில் இருந்தது என்றால் அதற்குச் சற்று மேலே போனாலும் தவறில்லை. கடை வாசலில் வெயிலில் மாலை போலத் தொங்குவதை மட்டும் வாங்காதீர்கள்.

இது கம்பிச் சக்கரம், ஆகவே ட்யூபும் ரிம் நாடாவும் புதிதாகப் போடுங்கள். பழைய ட்யூபைப் புதிய டயருக்குள் திணிப்பவர்கள் ஐந்நூறு ரூபாயை மிச்சப்படுத்தி நடுரோட்டில் நிற்பார்கள். டயரைக் கழற்றியதும் ரிம்மின் உட்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். கம்பி முனைகள் துருப்பிடித்து நீண்டிருந்தால் ராவி விட்டுத்தான் நாடா போட வேண்டும். டயரில் அம்புக்குறி இருக்கும், அது சக்கரம் சுழலும் திசையைப் பார்க்க வேண்டும். அவசரத்தில் தலைகீழாக மாட்டுவது எங்கள் தொழிலில் சாதாரணம்.

மாட்டி முடித்ததும் வால்வு நட்டை ரிம்மோடு ஒட்ட முறுக்கிவிடுவார்கள். அதைத் தளர்த்தி மேலே மூடியை ஒட்டி நிறுத்தச் சொல்லுங்கள். காற்றுக் குறைந்து டயர் ரிம்மின் மேல் நகர்ந்தால் ட்யூபும் கூடவே நகரும், வால்வு சாயும். சாய்வது கண்ணுக்குத் தெரிந்தால் நிறுத்திச் சரிசெய்துகொள்ளலாம். நட்டு இறுகப் பிடித்திருந்தால் சாய முடியாமல் வால்வு அடியோடு கிழிந்து, காற்று ஒரே நொடியில் போய்விடும்.

ஈரச்சாலை (நாகர்கோவில்):

புதிய டயர் முதல் நூறு, நூற்றைம்பது கி.மீ. வழுக்கும், மேல்தோல் தேய வேண்டும். அதுவரை வளைவில் சாய்க்காமல் ஓட்டுங்கள், வைகைக்கரை.

வைகைக்கரை (மதுரை):

சரி சகோதரி. கடைக்காரர் முதலில் எடுத்து வைத்த டயரில் 0822 என்று இருந்தது. உள்ளே போய் வேறு எடுத்துக்கொண்டு வருகிறார்.